பழைய வீட்டின் விலை பத்திரத்தோடு முடிவதில்லை

ஒரே பகுதியில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. ஒன்று, சாவியைப் பெற்ற அன்றே பால் காய்ச்சிக் குடிபுகத்தக்க வீடு. விலை 60 லட்சம் ரூபாய். மற்றொன்று, அதே பரப்பளவும் முப்பது ஆண்டுப் பழைமையும் கொண்ட வீடு. விலை 48 லட்சம். இதனைச் செப்பனிட 10 லட்சம் ஆகும் என்று ஒப்பந்தக்காரர் கூறுகிறார். ஆக மொத்தம் 58 லட்சம், 2 லட்சம் மிச்சம் என்று மனம் கணக்கிடுகிறது. இக்கூட்டலில் பிழை ஏதுமில்லை. ஆனால் வீட்டின் விலையாகிய 48 லட்சமும் செப்பனிடும் செலவாகிய 10 லட்சமும் வெவ்வேறு பைகளிலிருந்து வரவேண்டிய பணம் என்பதை அது காட்டுவதில்லை.

வீட்டின் மதிப்பில் எவ்வளவு பங்கைக் கடனாகத் தரலாம் என்பதற்கு இந்திய ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு விதித்துள்ளது. கடன் 30 லட்சம் வரை எனில் 90 விழுக்காடு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை எனில் 80 விழுக்காடு. அதற்கும் மேற்பட்டால் 75 விழுக்காடு. இங்கு மதிப்பு என்பது வீடு இன்றிருக்கும் நிலையில் மதிப்பீட்டாளர் கண்ட மதிப்பு. செப்பனிட்ட பின் அது எவ்வளவு பொலிவு பெறும் என்பது இக்கணக்கில் சேராது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகள் நீங்கலாக, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேர்க்கப்படுவதில்லை. அவை கைப்பணத்திலிருந்தே செல்ல வேண்டும்.

இவ்விதிகளை மேற்கண்ட இரு வீடுகளுக்கும் பொருத்திப் பார்ப்போம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவன. இங்கு இரண்டும் சேர்ந்து 7 விழுக்காடு எனக் கொள்வோம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கடன் 48 லட்சம் வரை கிடைக்கலாம். கைப்பணம் 12 லட்சமும் தீர்வை, கட்டணம் 4.20 லட்சமும் சேர்ந்து 16.20 லட்சம் வேண்டும். பழைய வீட்டுக்குக் கிடைக்கும் கடன் 38.40 லட்சம். கைப்பணம் 9.60 லட்சம், தீர்வையும் கட்டணமும் 3.36 லட்சம், செப்பனிடும் செலவு 10 லட்சம். வேலை நடக்கும் ஆறு மாதங்களுக்கு இப்போதைய குடியிருப்பின் வாடகை, மாதம் 20,000 வீதம் 1.20 லட்சம். எல்லாம் சேர்ந்து 24.16 லட்சம்.

மொத்தச் செலவைப் பார்த்தால் பழைய வீடு 62.56 லட்சத்திலும் புதிய வீடு 64.20 லட்சத்திலும் நிற்கின்றன. பழையதே சற்று மலிவு. ஆயினும் அந்த 1.64 லட்சத்தை மிச்சப்படுத்த, கையில் ஏறத்தாழ 8 லட்சம் கூடுதலாக இருக்க வேண்டும். செப்பனிடும் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே அந்த மிச்சமும் மறைந்துவிடும். பழைய சுவரை உடைத்தபின் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகச் செலவு பெருகுவதை அறியாதவர் குறைவு.

இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. பழைய வீட்டின் கடன் 9.60 லட்சம் குறைவு. 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு எனில் மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய் குறையும். எனவே சேமிப்பு மிகுந்து, மாத வருவாய் மட்டாக உள்ள குடும்பத்துக்கு, எடுத்துக்காட்டாகப் பணி ஓய்வை நெருங்குவோருக்கு, பழைய வீடு பொருந்தக்கூடும். நல்ல சம்பளமும் சிறிய சேமிப்பும் உடைய இளம் தம்பதியருக்கு அதே வீடு மூச்சை முட்டச் செய்யும். வங்கிக்கு வருவோரில் இரண்டாம் வகையினர்தாம் விலைக்குறைவைக் கண்டு பழைய வீட்டை நாடுகின்றனர் என்பது வியப்பு.

செப்பனிடுவதற்கும் வங்கிகள் கடன் வழங்குகின்றன. பொறியாளரின் உத்தேச மதிப்பீட்டின் பேரில், வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக அத்தொகை விடுவிக்கப்படும். அத்தகைய கடன் தேவையெனில் வீட்டுக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுவது நன்று. வீட்டுக் கடனிலேயே திருப்பிச் செலுத்தும் தகுதி முழுவதும் செலவாகிவிட்டால், ஆறு மாதம் கழித்து வந்து கேட்பவருக்கு மேலாளர் தரக்கூடியது அதிகமில்லை.

வருமான வரியிலும் இவ்விரு கடன்களும் ஒன்றல்ல. பழைய வரி முறையைத் தெரிவு செய்தோர், தாம் குடியிருக்கும் வீட்டை வாங்கப் பெற்ற கடனின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு பெறலாம். செப்பனிடப் பெற்ற கடனின் வட்டிக்கு வரம்பு 30,000 மட்டுமே. அதுவும் அந்த 2 லட்சத்துக்கு உட்பட்டதே. புதிய வரி முறையில், தாம் குடியிருக்கும் வீட்டுக்கு இவ்விரு கழிவுகளும் இல்லை.

இனி, பழுதுகள். எல்லாப் பழுதும் ஒரே தரத்தன அல்ல. மங்கிய வண்ணம், பழைய பாணித் தரை, கறை படிந்த சமையல் மேடை ஆகியவை கண்ணை உறுத்தும், விலையைக் குறைக்கும், ஆனால் குடியிருந்துகொண்டே ஒவ்வோர் அறையாகச் சீர்செய்யத்தக்கவை. வாங்குவோருக்கு ஆதாயம் தருவன இவைதாம். மின்கம்பிகளையும் குடிநீர்க் குழாய்களையும் முழுவதும் மாற்றுவது வேறு வகை. சுவரை வெட்ட வேண்டும், தரையைப் பெயர்க்க வேண்டும், வீட்டில் ஆள் இருக்க இயலாது. முப்பது ஆண்டுக்கு முன் இரண்டு விசிறிக்கும் சில விளக்குகளுக்கும் இழுத்த கம்பி, இன்றைய குளிரூட்டிகளையும் நீர்ச்சூடேற்றியையும் தாங்கும் என நம்புவதற்கில்லை.

மூன்றாவது வகை கான்கிரீட்டின் உள்ளே மறைந்திருப்பது. ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அந்த அழுத்தத்தில் கம்பி செல்லும் வழியே விரிசல் ஓடி, பின்னர் பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து விழுகின்றன. உப்புக் காற்று வீசும் கடலோர நகரங்களில் இது விரைந்து நிகழும். கூரைத் தளத்தின் அடிப்புறத்தைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால், நல்ல இடம் கணீரென்றும் பெயர்ந்த இடம் பொத்தென்றும் ஒலிக்கும். விற்பனைக்கு முன் புதிதாக அடித்த வெள்ளை வண்ணம் கண்ணை ஏமாற்றலாம். காதை ஏமாற்றுவது கடினம். ஐயம் எழுந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் செலுத்தி அறிக்கை பெறுக. 48 லட்சத்தை முதலிடுமுன் செலவிடும் அச்சில ஆயிரங்கள் வீண் அல்ல. மழைக்காலத்தில், ஒரு பெருமழைக்கு மறுநாள், வீட்டை மீண்டும் ஒருமுறை பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பாயின் தூண்களும் மொட்டைமாடியும் உங்கள் ஒருவருக்கு உரியன அல்ல. உங்கள் வீட்டை எவ்வளவு அழகுபடுத்தினாலும் மேல்தளத்தாரின் குளியலறை ஒழுகினால் உங்கள் கூரை நனையும். மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 30 ஆண்டு கடந்த கட்டடங்களைக் கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்வது சட்டப்படி கட்டாயம். அங்கு பழைய வீடு வாங்குவோர் அந்த ஆய்வறிக்கையைச் சங்கத்திடம் கேட்டுப் படிக்க வேண்டும். பிற நகரங்களிலும் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டைக் கேட்கலாம். பெருஞ்செப்பனுக்காக வீட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கத் தீர்மானம் ஆகியிருந்தால், விற்பவர் அதைத் தாமாகச் சொல்வார் என எதிர்பார்க்க இயலாது.

முன்னுரிமையாளர் பால்கனியை அடைத்து அறையாக்கியிருப்பார். மாடியில் ஓர் அறை கூடுதலாக எழுப்பியிருப்பார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறான இவற்றை வங்கியின் மதிப்பீட்டாளர் தம் அறிக்கையில் குறிப்பார். அப்பகுதிக்கு மதிப்புக் கிடைக்காமல் போகலாம். மாறுதல் பெரிதாயின் கடனே மறுக்கப்படலாம். கட்டடத்தின் எஞ்சிய ஆயுள் குறைவாயின் கடன் காலமும் சுருங்கி, மாதத் தவணை உயரும்.

குடிபுகத் தயாரான வீட்டுக்கும் மேற்செலவு இல்லாமல் இல்லை. நிலைப்பேழை, சமையலறை அலமாரி, சன்னல் வலை, சங்கத்தின் வைப்புநிதி எனச் சில லட்சங்கள் கரையும். ஆனால் இவற்றை ஓராண்டு தள்ளிப்போடலாம். ஒழுகும் கூரையைத் தள்ளிப்போட முடியாது. கட்டுமான நிறுவனத்திடமிருந்து வாங்கும் புதிய வீட்டுக்கு 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது: ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டால் நிறுவனம் தன் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தனிநபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை.

பழைய வீட்டையே தெரிவு செய்வோர், பொறியாளரின் மதிப்பீட்டை விலை பேசும் மேசைக்குக் கொண்டு செல்க. விலைக்குறைப்பு அந்த மதிப்பீட்டுத் தொகைக்குச் சமமாக இருந்தால் போதாது; வாடகை, காலதாமதம், கைப்பணச் சுமை ஆகியவற்றுக்கும் ஈடாக அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன், வங்கிக் கடன் கிடைக்காவிடில் அத்தொகை முழுவதும் திருப்பித் தரப்படும் என்னும் வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக.