கரன்ட் கார், ஹைப்ரிட் கார்: கண் வைக்க வேண்டிய இடங்கள்

மின்சாரக் கார் வாங்கியவர்கள் பெரிய பேட்டரியை நினைத்துத்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். அதற்குப் பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. அதன் சூட்டையும் சார்ஜையும் நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ள உள்ளேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. நம் கண் போக வேண்டியது சுவரில் இருக்கும் பிளக், சின்ன 12 வோல்ட் பேட்டரி, டயர், மழைத் தண்ணீர் போன்றவற்றின் மேல். வண்டியை நடுவழியில் நிறுத்துவதும் திடீர்ச் செலவு வைப்பதும் இவைதான்.

1. கார் வீட்டுக்கு வருவதற்கு முன் எலக்ட்ரீஷியன் வரட்டும். காரோடு கொடுக்கும் சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாம் என்பது உண்மைதான். அதற்காக ஏசி பாயின்டில் மாட்டிவிடாதீர்கள். ஏசி விட்டுவிட்டு ஓடும். கார் எட்டு, பத்து மணி நேரம் 3 கிலோவாட்டை நிறுத்தாமல் இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியரில் ட்ரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. இவை நான்கும் வேண்டும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் (வால்பாக்ஸ்) வைத்தால் ஒயர் 6 ஸ்கொயர் எம்.எம்.முக்குக் குறையக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

2. சார்ஜ் ஏறத் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் எம்.சி.பி.யை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள். மூன்று பின்களில் ஒன்றைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். சாக்கெட்டின் ஓட்டை வாய் சற்று உருகி நெளிந்திருக்கும். மீன் வாடை போல ஒரு நாற்றமும் வரலாம். உள்ளே பின்னைப் பிடிக்கும் பித்தளை நாக்கு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சாக்கெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றுங்கள். இந்தச் சோதனையை மாதம் ஒரு முறை செய்தால் போதும்.

3. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏறவில்லையா? சார்ஜர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பாதி நேரம் எர்த் சரியில்லாமல்தான் இருக்கும். பழைய வீடுகளில் எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்துப் போயிருக்கும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்தாலும் எர்த் பலவீனமாகும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் புதுக் குழி போடுங்கள். சில ஆட்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி, விளக்கைப் பச்சையாக்கிக் காட்டிக் காசு வாங்கிப் போவார்கள். அதற்குச் சம்மதிக்கவே கூடாது. எப்போதாவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரன்ட் பாயும். கதவைத் தொடப்போவது உங்கள் வீட்டுக் குழந்தை.

4. கரன்ட் பில்லை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு, யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று வைத்தால் 143 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 160 வரும். இரண்டு மாத பில்லில் 320 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறி, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறும். அப்படியும் பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் லாபம்தான். மீட்டருக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் இ.பி. ஆபீசில் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. எவ்வளவு சார்ஜ் ஏற்றலாம் என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. டாடா நெக்ஸான், டியாகோ, மஹிந்திரா பிஇ 6, பிஒய்டி அட்டோ 3 போன்றவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. வகை. இதை அவ்வப்போது 100 வரை மெதுவாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் மீட்டர் காட்டும் சதவீதமே தப்பாகப் போகும். ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கில் இருப்பது என்.எம்.சி. வகை. அதற்குத் தினசரி 80 போதும், நெடுந்தூரம் கிளம்பும் நாளில் மட்டும் 100. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அவர் காருக்குச் சரியாக இருக்கும். உங்கள் கார் என்ன வகை என்று கையேட்டில் பாருங்கள்.

6. வெயிலில் அலைந்த காரை வந்தவுடன் சார்ஜில் போடாமல் ராத்திரி பத்து மணிக்கு மேல் போடுங்கள். முழு சார்ஜுடன் வெயிலில் நாள்கணக்காக நிறுத்தி வைப்பதுதான் லித்தியம் பேட்டரிக்கு ஆகவே ஆகாதது. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் நிழலில் விட்டுப் போங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஒயரைக் கழற்றும் முன்பே ஏசியைப் போட்டு உள்ளே குளிர வைத்துவிட்டால், அந்தச் செலவு பேட்டரியில் விழாது.

7. மின்சாரக் காரிலும் ஹைப்ரிடிலும் ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது படுத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் உயிர் பெறாது. மூன்று வருடம் ஆனால் டெஸ்ட் செய்யுங்கள். ரிமோட்டுக்குக் கதவு தயங்குவது, திரை மின்னி அணைவது, டிக்டிக்கென்று சத்தம் மட்டும் வருவது ஆகியவை முன்னறிகுறிகள். ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் சாவியை எப்படி எடுப்பது, கதவில் சாவித் துவாரம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். நின்றுபோன மற்ற வண்டிக்கு உங்கள் ஹைப்ரிடிலிருந்து ஒயர் கொடுத்து உதவ வேண்டாம். அந்தச் சின்ன பேட்டரி அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல.

8. ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். லாட்ஜில் ராத்திரி சார்ஜ் போட்டு 100 ஆக்கிக்கொண்டு காலையில் இறங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இறக்கத்தில் மோட்டாரே காரைப் பிடித்து நிறுத்தி, அந்த வேகத்தைக் கரன்டாக்கி பேட்டரிக்குள் அனுப்பும். பேட்டரியில் இடம் இல்லையென்றால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். முழு வேலையும் பிரேக் பேடின் தலையில் விழும். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். 1,600 கிலோ கார் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 8 யூனிட். காற்றும் சாலையும் எடுத்துக்கொண்டது போக மீதி பிரேக்கில் சூடாகக் கூடாது, பேட்டரிக்குள் போக வேண்டும். ஆகவே மலை மேல் 80-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹைப்ரிடில் பேட்டரி சிறியது, சில வளைவுகளிலேயே நிறைந்துவிடும். கியரில் ‘B’ என்று இருந்தால் அதில் போட்டு இறங்குங்கள், என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

9. ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் பின் சீட் ஓரத்தைக் குனிந்து பாருங்கள். பல மாடல்களில் அங்கே, சிலவற்றில் சீட்டுக்கு அடியில், ஜன்னல் கம்பி மாதிரி ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அதன் மேல் பை, துண்டு வைக்காதீர்கள். சீட் கவர் போடும் கடைக்காரர் அதை மூடிவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். உள்ளே வலை ஃபில்டர் இருந்தால் சர்வீசில் எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். தலைமுடியும் புழுதியும் திரண்டு கம்பளி போல அடைத்திருக்கும். வெயில் காலத்தில் ஹைப்ரிட் பேட்டரி சீக்கிரம் களைத்துப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம், செலவே இல்லாமல் தடுக்கக் கூடியது.

10. ஹைப்ரிட் காரை ஷெட்டில் நிறுத்தினால் ‘ரெடி’ விளக்கு அணைந்ததா என்று பாருங்கள். சத்தம் இல்லாததால் அணைத்துவிட்டோம் என்றே தோன்றும். சற்று நேரம் கழித்து என்ஜின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டில், அதுவும் வீட்டை ஒட்டிய ஷெட்டில், அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

11. டிராஃபிக்கில் நிற்கும்போது ஹைப்ரிடை நியூட்ரலில் போடாதீர்கள். நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஏறாது. என்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மட்டும் மாற்றாமல் தேதி பார்த்தும் மாற்றுங்கள்.

12. பஞ்சர் கடையில் ஜாக்கி வைக்கும்போது இறங்கி நில்லுங்கள். மின்சாரக் காரின் அடிப்பாகம் முழுக்க பேட்டரிப் பெட்டிதான். பையன் அவசரத்தில் டிராலி ஜாக்கியை நடுவில் தள்ளித் தூக்கினால் பெட்டி நசுங்கும். அதற்கு ஆகும் செலவைச் சொன்னால் தலை சுற்றும். கதவுக்குக் கீழே, ஓரத் தகட்டில் ஜாக்கி வைக்க அடையாளம் வெட்டியிருக்கும். அதைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டுங்கள். டயர் காற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்: கார் எடை அதிகம், டயர் சீக்கிரம் தேயும், காற்று குறைந்தால் கி.மீ.யும் குறையும்.

13. மின்சாரக் காரில் பிரேக் பேட் சீக்கிரம் தேயாது. ஆனால் உபயோகம் இல்லாத டிஸ்க் துருப்பிடிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடங்களில் இது வேகமாக நடக்கும். வாரம் ஒரு முறை காலியான சாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் போடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். சில மின்சாரக் கார்களில் கரன்டை அதிகம் கடத்தாத தனிக் கூலன்ட் போட்டிருப்பார்கள்.

14. மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாளே முழு சார்ஜ் போட்டு, காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்ட பாட்டுக்குப் பிறகு வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பைப் பார்த்ததும் மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்துகிறார்கள். கரன்ட் காருக்கு அதைவிட நல்ல யோசனை இல்லை. ஐ.பி. 67 என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பித் தண்ணீரில் இறக்காதீர்கள். ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை அது. சாக்கடையும் கடல் நீரும் கலந்த வெள்ளத்தில் கார் இரண்டு நாள் நிற்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

மூழ்கிய காரை, தண்ணீர் வடிந்ததும் “ஒரு தடவை ஆன் செய்து பார்க்கலாம்” என்று தொடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பல மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2022 இயன் புயலில் உப்பு நீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள் நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. அப்படிப்பட்ட காரை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் வைக்கச் சொல்லிச் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள். சுவர் சாக்கெட்டை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

15. சில கார்களில் வீட்டுச் சாமான்களுக்குக் கரன்ட் கொடுக்கும் வசதி உண்டு. புயலுக்குப் பின் கரன்ட் இல்லாத நாட்களில் ஃபிரிட்ஜ், ஃபேன், மோடத்துக்குத் தனி ஒயர் போட்டு ஓட்டலாம். வீட்டு வயரிங்கில் நேராகச் செருகிவிடாதீர்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன்மீது அது பாயும்.

16. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவர்கள் கேமராவையும் பம்பரில் இருக்கும் வட்டச் சென்சார்களையும் விட்டுவிடுங்கள். எலி வந்து போகும் தெருவென்றால் வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

17. வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றிக் கரன்ட் உண்டாகும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்லும் லாரியைத்தான் கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே இந்த உதவி உண்டா, பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் பணம் வருமா, வீட்டில் மாட்டியிருக்கும் சார்ஜருக்கும் சேர்த்தா என்று மூன்றையும் பாலிசித் தாளில் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் பிரீமியத்தில் மின்சாரக் காருக்கு 15 சதவீதமும் ஹைப்ரிடுக்கு 7.5 சதவீதமும் தள்ளுபடி தர 2022-இல் அரசு அறிவித்தது. ரசீதில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.