கையெழுத்து மட்டும் போதுமா?

காரியாபட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்க அதிபர் வேற்று நாட்டோடு உடன்படிக்கை செய்தால், செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும் என்று படித்திருப்பாய். அந்தச் சபையில் சிறிய மாநிலமானாலும் பெரிய மாநிலமானாலும் தலா இரண்டு இடம். உடன்படிக்கையில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டென்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நம் அரசியலமைப்பில் அப்படியொரு வரி இல்லை. அது இல்லாததன் விலையை நம் கடற்கரை கொடுத்துவருகிறது.

1974-இல் இந்திரா காந்தி மே மாதம் வங்கதேசத்தோடும், ஜூன் மாதம் இலங்கையோடும் எல்லை ஒப்பந்தம் செய்தார். நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று 1960-இல் பேருபாரி எல்லை விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்திருந்தது. அதனால் வங்கதேச ஒப்பந்தம் 2015-இல் 100-ஆவது திருத்தமாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்தது. இலங்கை ஒப்பந்தத்தில் அந்நாட்டுக்குப் போன கச்சத்தீவுக்கோ மசோதாவே இல்லை. ஜூலையில் நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொன்னதோடு சரி. ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, பலனில்லை. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கடிதம் மாற்றிக்கொண்டு, ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடித்தார்கள். அப்போது எதிர்க்கச் சட்டமன்றமே இல்லை. ஜனவரி 31-இலேயே அதைக் கலைத்திருந்தார்கள்.

கச்சத்தீவு நம்முடையதென்று உறுதியாகாத இடம், தகராறைத் தீர்ப்பது நிலத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது என்பது மத்திய அரசின் வாதம். கட்ச் எல்லை வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றமும் அப்படியொரு வேறுபாட்டைச் சொன்னது. எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் ஓர் இடம் தகராறுக்குரியதா, நம்முடையதா என்பதைக் கையெழுத்திடும் அரசே தீர்மானித்துக்கொண்டால், அந்த வேறுபாட்டுக்குக் காவல் யார்? பேச்சுவார்த்தைக்கு ரகசியம் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ரகசியமாகப் பேசட்டும், பேசி முடித்ததை அவை முன் வைக்கட்டும். நாடாளுமன்றத்துக்குப் போனதால்தானே வங்கதேச ஒப்பந்தம் 41 ஆண்டு கிடந்தது என்றும் கேட்பார்கள். அதற்கான மசோதாவே 2013 டிசம்பரில்தான் அவைக்கு வந்தது. அடுத்த பதினேழு மாதத்தில் நிறைவேறிவிட்டது. அமெரிக்க அதிபர்களும் நிர்வாக ஒப்பந்தம் என்ற பெயரில் செனட்டைச் சுற்றிப் போகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் அவற்றையும் 60 நாளுக்குள் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1972-இல் அங்கே சட்டம் செய்தார்கள்.

இதற்கு நாம் அரசியலமைப்பைத் திருத்தக்கூட வேண்டாம். ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில் 14-ஆவது இனத்தைப் பார். உடன்படிக்கைகள் பற்றிச் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, இன்றுவரை செய்யவில்லை. காரியாபட்டி அடங்கிய திருச்சுழித் தொகுதி, இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. இராமேசுவரத்து மீனவருக்கும் உனக்கும் ஒரே எம்.பி.தான். வாக்குக் கேட்டு அவர் நம் ஊருக்கு வரும்போது, அந்தச் சட்டம் எப்போது வரும் என்று கேள்.

அன்புடன்,
அண்ணன்