அலமாரிக் கதவில் ஒரு தாள்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, சில நாளைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். இரண்டாம் நாள் காலை, பால் பொங்குவதற்கு முன்பே கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் மூலையிலேயே இருந்தது. ஆனால் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்ட அப்பாவுக்கும் தெரியவில்லை, அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, தடவிப் பார்த்து மாட்டினார். வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் “இந்த வீட்டில் சத்தமே கேட்காது” என்று மெச்சிய வீடு அது. அந்த அமைதியை அம்மா ஒருவரே சுமந்துகொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

நம்பிக்கை: எதுவும் இறைந்து கிடக்காத வீடுதான் அமைதியான வீடு.

உண்மை: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாயங்காலம் தரையெல்லாம் பொம்மை கிடக்கத்தான் செய்யும். அதனால் யாரும் கத்துவதில்லை. வண்டிச் சாவியையும் ஆதார் ஜெராக்ஸையும் தேடும்போதுதான் குரல் உயர்கிறது. அவசரத்தில் தேடும் நாலைந்து பொருளுக்கு மாறாத இடம் இருந்தால் போதும். மற்றவை எப்படிக் கிடந்தாலும் பாதகமில்லை.

நம்பிக்கை: டப்பாவும் கூடையும் வாங்கி அடுக்கினால் ஒழுங்கு வந்துவிடும்.

உண்மை: நம் அஞ்சறைப்பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு மூடியைத் திறந்தால் கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கடுகு அடிமட்டத்துக்குப் போனதும் யாரும் சொல்லாமலே கண்ணில் படும். வேறு வீட்டிலிருந்து வந்தவர்கூட யாரையும் கேட்காமல் தாளித்துவிடலாம். பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். புதிதாக வாங்கிய இருபது டப்பாக்களில் எதில் என்ன என்று ஒருத்திக்கு மட்டுமே தெரியுமானால், வேலை அவளுக்குத்தான் கூடியிருக்கிறது.

நம்பிக்கை: அம்மா விடியற்காலை எழுந்துவிட்டால் காலைப் பரபரப்பு இருக்காது.

உண்மை: காலை நேரம் முந்தைய இரவிலேயே தீர்மானமாகிவிடுகிறது. டைம்டேபிள் பார்த்துப் பையில் புத்தகம் வைப்பது, சீருடையை இஸ்திரி போட்டு மாட்டுவது, காய் நறுக்கி வைப்பது எல்லாம் இரவு வேலைகள். தூக்கக் கணக்கும் இதில் உண்டு. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பத்தரை மணிக்குப் படுத்த பிள்ளையை ஆறு மணிக்கு எழுப்பினால் அது அழத்தான் செய்யும். அது சோம்பல் அல்ல, தூக்கம் போதாமை.

நம்பிக்கை: “எல்லாம் அவள் பார்த்துப்பா. என்கிட்ட சொன்னா நானும் செய்வேன்.”

உண்மை: மற்ற எல்லாவற்றையும்விட வீட்டை அதிகம் வாட்டுவது இதுதான். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அப்படி வேலை செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அரிசி இந்த வாரம் தாங்குமா, கரண்ட் பில் கட்ட என்றைக்குக் கடைசி, மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம் என்று பஸ்ஸில் நின்றபடி யோசிக்கிறாளே, அது இந்த 299 நிமிடத்தில் சேராது. சொன்னால் செய்கிறேன் என்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் நினைவு வைத்துச் சொல்வதும், செய்தாயிற்றா என்று கேட்பதும் அவள் வேலையாகவே நின்றுவிடுகிறது. கேட்டால் “நச்சரிக்கிறாள்” என்ற பெயர் வேறு.

ஆகவே, ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்வதானால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எடுத்துக்கொள்ளுங்கள். மளிகை உங்கள் பொறுப்பு என்றால், என்ன தீர்ந்தது என்று பார்ப்பது, லிஸ்ட் போடுவது, வாங்குவது, டப்பாவில் கொட்டுவது நான்கும் உங்களுடையவை. அவள் உளுந்தை மறந்தே போகலாம். அப்போதுதான் அவள் பாரம் குறையும்.

இன்றிரவு சாப்பாடு ஆனதும் ஒரு தாள் எடுங்கள். கேஸ் புக்கிங் நம்பர், கரண்ட் பில் கடைசித் தேதி, பெரியவர்களின் மாத்திரையும் வேளையும், பள்ளி வேன் டிரைவரின் போன் என்று தெரிந்தவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதுங்கள். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ரெகுலேட்டரை மூடுவது எப்படி என்று பெரிய பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து அழைக்க வேண்டிய எண் 1906. இரவும் பகலும் எடுப்பார்கள். அதைத் தாளின் முதல் வரியில் எழுதுங்கள்.