மல்லாட்டைக் கணக்கில் விட்டுப்போகும் செலவுகள்

கண்டாச்சிபுரம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டவரிடம் எவ்வளவு செலவாச்சு என்று கேட்டால், கையைவிட்டுப் போன பணத்தைத்தான் சொல்வார். டிராக்டர் உழவுக்கு, ஏக்கருக்கு 50 கிலோ கணக்கில் வாங்கிய விதைப்பருப்புக்கு, மண் அணைக்கும்போது போட்ட ஜிப்சத்துக்கு, களை வெட்டு, பிடுங்கு கூலி, ஆய்கிற கூலி. விவசாயக் கணக்குகளோடு பழகியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எந்த முடிவுக்காகக் கேட்கிறோமோ, அதைப் பொறுத்துச் செலவின் தொகையே மாறும். அவர் சொன்ன தொகை பொய்யில்லை. அதை வைத்து எல்லா முடிவையும் எடுப்பதில்தான் நஷ்டம் நுழைகிறது.

அரசே இதை இரண்டு விதமாகக் கணக்கிடுகிறது. 2025-26 பருவத்துக்கு நிலக்கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அதற்கு அடிப்படையாக எடுத்த உற்பத்திச் செலவு 4,842 ரூபாய். கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் இதில் உண்டு. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் கிடையாது. அவற்றையும் சேர்த்தால் வருவதுதான் ‘சி2’ செலவு. விவசாயச் சங்கங்கள் அதைப்போல ஒன்றரை மடங்கு விலை கேட்டுப் போராடுவது இதனால்தான். சொந்த நிலத்துக்கு யார் வாடகை கொடுக்கிறார்கள், இது கற்பனைச் செலவுதானே என்பார்கள். அதே நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் குத்தகைக்குக் கேட்டால் ஒரு தொகை கொடுப்பாரே, பயிர் வைப்பதால் அந்தத் தொகை நமக்கு வராமல் போகிறது. வராமல் போன பணமும் செலவுதான், ரசீது மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீருக்குச் செலவில்லை என்று எழுதுவதும் இதே மாதிரிதான். மோட்டார் காயில் கட்டுவதும் கிணற்றை ஆழப்படுத்துவதும் ஏதோ ஒரு வருஷத்தில் மொத்தமாக வந்து நிற்கும். அதைப் பருவங்களுக்குப் பிரித்து எழுதாவிட்டால், மற்ற வருஷங்களில் இல்லாத லாபம் தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எல்லாச் செலவையும் எப்போதும் கூட்டிப் பார்ப்பது. விலை இறங்கிய நேரத்தில், போட்ட 30,000 ரூபாயே வராது, பிடுங்கி என்ன பயன் என்று சிலர் செடியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிடுங்கவும் ஆயவும் வண்டிக்கும் 12,000 ஆகும், கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில்) 25,000 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கினால் நஷ்டம் 17,000, விட்டால் 30,000. விதையும் உழவும் போட்ட பணம் இரண்டு வழியிலும் திரும்பாது, ஆகவே அன்றைய முடிவில் அதற்கு இடமில்லை. அப்படியென்றால் நஷ்டத்திலேயே பயிர் செய்துகொண்டிருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பது நியாயம். இல்லை. கிடைக்கிற தொகை 12,000-க்கும் கீழே போனால் விட்டுவிடத்தான் வேண்டும். அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டையா, உளுந்தா, குத்தகைக்கு விடுவதா என்று யோசிக்கும்போது, அன்று ஒதுக்கி வைத்த விதையும் உழவும் புதிதாகக் கணக்கில் ஏற வேண்டும். குடும்பத்தார் கூலி, மோட்டார் தேய்மானம், கைவிட்டுப் போகும் குத்தகைப் பணம் ஆகியவையும் கூடவே ஏற வேண்டும்.