வேதபாடம்: "லெட்" – விடுவதா, தடுப்பதா?



ஒரு வாலிபர் கூட்டத்தில் ஆங்கில கிங் ஜேம்ஸ் வேதாகமத்தில் ரோமர் 1:13ஐ வாசித்தேன். அங்கே "லெட்" என்ற வினைச்சொல் வருகிறது. "பவுலை ரோமாபுரிக்கு வர விட்டார்கள்" என்று பிரசங்கித்துவிட்டேன். தமிழ் வேதாகமத்தைத் திறந்திருந்த ஒரு சகோதரி, "ஐயா, இதுல தடைன்னுல்ல போட்டிருக்கு?" என்றார்கள். வெட்கப்பட்டுப்போனேன்.

வீட்டில் அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்: "லேட்டன்" என்றால் விடுதல், "லெட்டன்" என்றால் தடுத்தல். காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவமாயின. 1611ல் வெளிவந்த அந்த வேதாகமத்தில் இரண்டு அர்த்தமும் உண்டு. ஆதியாகமம் 1:3ல் வருவது முதலாவது வகை. ரோமர் 1:13, ஏசாயா 43:13, 2 தெசலோனிக்கேயர் 2:7ல் வருவது இரண்டாவது.

பழைய அர்த்தம் முழுவதும் சாகவில்லை. நம்ம இந்திய பாஸ்போர்ட்டைப் பாருங்கள். "லெட்" இல்லாமல், அதாவது தடையில்லாமல், போகவிடும்படி கேட்டிருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் பட்டு விழுந்தாலும் "லெட்"தான். 1982ல் முடிந்த புதிய கிங் ஜேம்ஸில் ரோமர் 1:13க்கு வேறு சொல் போட்டுவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் அதே வாலிபர் முன்பாக என் தவறை அறிக்கையிட்டேன். தெரிந்த சொல்தானே என்று தாண்டிப் போகாதிருங்கள். ஆங்கிலத்தில் வாசிக்கிறவர்கள் தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.