உறுப்பறுத்தலும் உயிர்காத்தலும்

கொல்லாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இல்லத்து ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு அடிக்கடி வர, மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டுமென்றால், அது மூன்றாம் அதிசாரம் ஆகுமா? இவ்வினாவை ஆராய்வோம்.

முதலில் நோயை அறிவோம். ஆண் பூனையின் சிறுநீர்த்தாரை நுனியில் மிகக் குறுகியது. உப்புப் படிகங்களும் சளிபோன்ற பொருளும் அதனை அடைத்துவிடும். முற்றும் அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து, இதயம் தளர்ந்து, இரண்டு மூன்று நாள்களில் உயிர் பிரியக்கூடும். ஆதலின் பூனை முக்கியும் சிறுநீர் வாராவிடில் அன்றே மருத்துவரை நாடுதல் வேண்டும். உடையார்பாளையத்தார் முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் காணலாம். மேல் சிகிச்சை பற்றி, 2012இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டறியலாம்.

குழாய் செலுத்தி அடைப்பை நீக்கல், நீர்ச்சத்து மிகுந்த உணவு, அச்சமற்ற சூழல் ஆகியவை முதற்படி. இவற்றையும் மீறி அடைப்புத் திரும்பினால், குறியோடு குறுகிய பகுதியை நீக்கி, அகன்ற பகுதியை வெளியே திறந்து தைப்பர். அடைப்பு பெரிதும் குறையும். ஆனால் சிறுநீர்ப்பை அழற்சியோ கல்லோ மீண்டும் வரலாம். கிருமித் தொற்றுக்கும் இடமுண்டு.

இனி அறம். பிரமத்த யோகத்தால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது அந்நூலின் இலக்கணம். சினத்தாலோ தன்னலத்தாலோ அறுத்தல் அதிசாரம். மயக்கமருந்து தந்து, நோவு தீர்க்க அறுத்தல் அத்தகையதன்று. எளிய வழிகளை முயலாமல் கத்தியை நாடுவதும், கத்திக்கு அஞ்சி நோயைக் காணாதிருப்பதும் பிரமாதமே.

சிந்திக்க: நம் முடிவு பூனையின் நோவை நோக்கியதா, நம் வசதியை நோக்கியதா?