பெருந்தரவுக் கணிப்பும் சராசரியும்

குடும்ப நுகர்வுச் செலவு குறித்த தேசிய மாதிரி ஆய்வு 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடைபெற்றது. 2,61,746 குடும்பங்களிடம் விவரங்கள் திரட்டப்பட்டன. தலைக்கு மாதச் செலவு சராசரியாக ஊரகப் பகுதிகளில் ரூ. 3,773 என்றும், நகர்ப்புறங்களில் ரூ. 6,459 என்றும் கணக்கிடப்பட்டது. குடும்ப அடையாளங்கள் நீக்கப்பட்ட மூல விவரங்களைத் தில்லியிலுள்ள புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டுள்ளதால், இக்கணக்கை மாணவரும் செய்து பார்க்கலாம்.

இதற்குப் பைத்தான் மொழியில் எழுதிய சிறு நிரலும் மேசைக் கணினியும் போதும். மேகக் கணினி தேவை என்போர் உண்டு. வீண்செலவு என்பது எமது கருத்து. ஆனால் நாடெங்கும் எழும் சரக்கு-சேவை வரிப் பட்டியல்கள் போன்றவை ஒரே கணினியில் அடங்கா. அத்தகைய தேவைகளுக்கென அரசின் 'மேகராஜ்' மேகக் கணினிச் சேவை 2014இல் தொடங்கப்பட்டது. 'ஸ்பார்க்' என்னும் மென்பொருள் பெருங்கோப்பைப் பல கூறுகளாக்கி, பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பைத்தானில் நாம் எழுதும் கட்டளை ஒவ்வொரு கணினிக்கும் செல்கிறது. சிறிய விடைகள் மட்டுமே திரும்புகின்றன.

எந்த விடையைத் திரும்பக் கேட்பது என்பதிலேதான் பிழை நேர்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதற் கூறில் இருவர் கொண்ட ஒரு குடும்பம். மாதச் செலவு ரூ. 12,000. மாதிரியில் இக்குடும்பம் தன்னைப் போன்ற 100 குடும்பங்களுக்குப் பிரதிநிதி. இந்த 100 அதன் பெருக்கெண். இரண்டாம் கூறில் அறுவர் கொண்ட குடும்பம், செலவு ரூ. 18,000, பெருக்கெண் 300. கூறுவாரியாகத் தலைக்குச் செலவு ரூ. 6,000, ரூ. 3,000. இவற்றின் சராசரி ரூ. 4,500.

இது தவறான விடை. மொத்தச் செலவு 12 லட்சமும் 54 லட்சமும் சேர்ந்து ரூ. 66 லட்சம், மொத்த நபர்கள் 200, 1,800 ஆக 2,000 பேர். ஆகவே சரியான சராசரி ரூ. 3,300. உதவித் திட்டத்தின் வரம்பு ரூ. 4,000 என வைத்துக்கொண்டால், தவறான கணக்கின்படி அப்பகுதி முழுவதும் திட்டத்திற்கு வெளியே நின்றுவிடும். மாநிலச் சராசரிகளைக் கூட்டி வகுத்து அகில இந்தியச் சராசரி எனக் குறித்த கோப்புகளை யாம் கண்டதுண்டு; அங்கே கணினியைக் குறை சொல்வதற்கில்லை.

எனவே ஒவ்வொரு கூறிடமிருந்தும் சராசரியை அல்ல, பெருக்கெண்ணால் பெருக்கிய செலவுத் தொகை, நபர் தொகை என்னும் இரண்டையுமே பெறவேண்டும். வகுத்தல் இறுதியில் ஒரே முறை. இடைநிலை அளவுக்கு இவ்வழியும் உதவாது. கூறுகளின் இடைநிலைகளிலிருந்து முழுமையின் இடைநிலையைப் பெற இயலாது. ஸ்பார்க் தோராய விடை தரும். அதை வெளியிடுவோர் பிழையளவையும் குறிப்பது முறை.

மேகக் கணினிக்குப் பயன்படுத்தும் நேரத்திற்கேற்பக் கட்டணம் வளரும். ஆதலின் முதலில் ஒரு மாவட்டத்தின் விவரங்களை மேசைக் கணினியில் ஓட்டி, பெருக்கெண்ணால் விரித்த நபர் தொகையை அம்மாவட்ட மக்கள்தொகை மதிப்பீட்டுடன் ஒப்பிடுக. இரண்டும் பெரிதும் வேறுபட்டால் நிரலை மேகத்திற்கு அனுப்ப வேண்டாம்.